தாரணியின் தப்புகள்

ஜூன் 9, ஞாயிறு

இன்று முதல் வகுப்பு. எனக்கு இது நான்காவது முதல் வகுப்பு.

பின்னாளில் யாராவது இந்த நோட்டை எடுத்துப் படித்தால் என்னைத் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக விவரத்தை எழுதிவிடுகிறேன். நான் சாந்தாமணி. வயது நாற்பத்தேழு. ராசிபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தொலைதூரக் கல்வியில் எம்.எஸ்ஸி. கணிதம் சேர்ந்து, பத்துத் தாளில் ஒன்பதைத் தாண்டிவிட்டேன். பத்தாவது ரியல் அனாலிசிஸ். மூன்று தடவை எழுதினேன். 31, 34, 29. ஐம்பது எடுத்தால்தான் பாஸ். இந்த டிசம்பரோடு என் பதிவுக்காலம் முடிகிறது. இதுவும் போனால் ஒன்பது தாளும் கூடவே போகும். மேல்நிலை வகுப்புக்குப் போகிற பதவி உயர்வும் போகும். ஓய்வு பெறும் வரை எட்டாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பள்ளிக்கூடக் கணக்கு நல்ல பிள்ளை. விடை சொன்னால் போய்விடும். அனாலிசிஸ் அப்படியில்லை. விடை சொன்னாலும் "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்கும். போலீஸ் ஸ்டேஷனில் சாட்சி சொல்லப் போன மாதிரி.

சேலத்தில் ஒரு கல்லூரியில் பெரும்பாலான ஞாயிறுகளில் வகுப்பு. தோற்றவர்களும் வந்து உட்காரலாம். இந்த வருஷம் ஒரு விசேஷம், கூட ஆள் உண்டு. என் கொழுந்தனார் மோகனசுந்தரத்தின் மனைவி தாரணி, எனக்கு ஓரகத்தி. ஒரே வீட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். அவளுக்கு முப்பத்தெட்டு. கல்யாணத்துக்கு முன்னால் பி.எஸ்ஸி. கணக்கு படித்தாளாம். பதினாறு வருஷமாகக் கோழிப்பண்ணையில் தீவனமும் தடுப்பூசியும் பார்த்தவள் திடீரென்று, "அக்கா படிக்கறாங்க, நானும் படிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

கொழுந்தனார் யோசித்துவிட்டுச் சொன்னது: "அண்ணிக்குத் துணையாப் போறதுன்னா போ. அண்ணி போற வரைக்கும்."

எனக்குத் துணை. அவள். கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 10

பஸ்ஸில் நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அதை எழுத மறந்துவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

பேராசிரியர் இன்பராஜ் சாருக்கு சட்டையின் வலது கை முழுக்க சாக்பீஸ் தூள். கேள்வியைக் கேட்டுவிட்டு, நமக்குக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு தடவையும் கேட்பார்.

"ஒரு தொடர்வரிசை ஒரு எண்ணை நோக்கி ஒருங்குதுன்னா என்ன அர்த்தம்? என்ன அர்த்தம்?"

நான்காம் வருஷத்துக்காரி என்ற உரிமையில் நான் எழுந்தேன். "கிட்டே கிட்டே போறதுங்க சார்."

"எவ்வளவு கிட்டே?"

"ரொம்பக் கிட்டே."

முப்பது பேர் சிரித்தார்கள். அதில் பத்துப் பேர் என்னைப் போல வாத்தியார்கள். அவர்கள் சிரித்ததுதான் வலித்தது.

பக்கத்தில் தாரணி, டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, எழுந்திருக்காமலே மெதுவாகச் சொன்னாள்: "நீங்க எவ்வளவு கிட்டேன்னு சொல்றீங்களோ, ஒரு கட்டத்துல அதுக்குள்ள வந்துருங்க சார். வந்தப்புறம் வெளிய போகாது."

சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டார். "இதுக்கு மேல இந்தத் தாள்ல ஒண்ணுமில்லைம்மா. மிச்சமெல்லாம் இதோட பிள்ளை குட்டி."

திரும்பி வருகையில் தலைவலி என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டேன். ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் மல்லி வாங்கி எனக்குத்தான் முதலில் நீட்டினாள். அது வேறு.

ஜூன் 27

இன்று காலை குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது தாரணி ஒரு இருநூறு பக்க நோட்டோடு மாடியிலிருந்து இறங்கினாள்.

"அக்கா, நான் போட்டது சரியான்னு பாத்துத் தர்றீங்களா? நீங்கதான் டீச்சர்."

நான்தான் டீச்சர். இந்த வீட்டில் யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களே.

பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போய் மூன்றாவது பீரியட் ஓய்வில் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது, அதுவே ஒரு எரிச்சல். இரண்டாம் பக்கத்தில் பிடித்தேன். "ஒருங்கும் தொடர்வரிசை எல்லைக்குட்பட்டது" என்று நிறுவிவிட்டு, அதே வேகத்தில் "எனவே எல்லைக்குட்பட்டதெல்லாம் ஒருங்கும்" என்று எழுதியிருக்கிறாள். எப்படி ஒருங்கும்? 1, -1, 1, -1 என்று ஆடிக்கொண்டே இருந்தால்? எங்கள் தெரு கரண்டு மாதிரி. வரும் போகும். எல்லைக்குள்தான் இருக்கிறது. எங்கேயாவது நிலைக்கிறதா?

பெரிய வட்டமாகச் சுழித்தேன். ஒரு வட்டம் போதாமல் இரண்டாவதும் போட்டேன். வருஷக்கணக்காக எனக்குப் புரியாமலிருந்த விஷயம் அது என்பது சாப்பிட உட்காரும்போதுதான் தோன்றியது. அவள் தப்பைப் பார்த்ததும் பளிச்சென்று தெரிந்துவிட்டது. அடுத்தவள் தப்பில் இருக்கிற வெளிச்சம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஜூலை 11

வாரம் இரண்டு தடவை நோட்டு வருகிறது. நான் சுழிக்கிறேன். "அடடா, ஆமாங்க்கா" என்று தலையில் தட்டிக்கொள்கிறாள். இந்த "அடடா" எனக்குப் பழகிவிட்டது. ஒரு வாரம் வராவிட்டால் சோற்றில் உப்பில்லாத மாதிரி இருக்கிறது.

ஜூலை 25

எப்சிலானும் டெல்டாவும்.

தாரணி தலைகீழாகப் போட்டிருந்தாள். டெல்டாவை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, "இதற்கேற்ற எப்சிலான்" என்று ஆரம்பித்திருந்தாள். அடுப்படியிலேயே பாடம் எடுத்தேன். எங்கள் மாமியாரான அத்தை பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு. எப்சிலான் அத்தை. 'சாம்பார்ல உப்பு இவ்வளவு முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்குவேன்'னு அவங்க சொல்றது எப்சிலான். அதுக்குத் தகுந்தபடி அளந்து போடற நம்ம ஜாக்கிரதை டெல்டா. அவங்க சொல்லணும், அப்புறம்தான் நாம அளக்கணும். நாம அளந்துபுட்டு 'இதைப் பொறுத்துக்குங்க அத்தை'ன்னா நடக்குமா?"

"நடக்காதுங்க்கா."

"என் பேர் எதுக்கு அடிபடுது?" என்றார் அத்தை.

"உங்க உப்பு அளவைப் பத்திதாங்க அத்தை. சிக்கனமானதுன்னு சொல்லிக்கிட்டிருந்தேன்."

"அதான் சரி" என்று முறத்தைத் தட்டினார்.

எவ்வளவு அழகாகச் சொன்னேன் என்று பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் எனக்கே ஆச்சரியம். தாரணிக்கு இது தெரியாமலிருந்தது இன்னும் ஆச்சரியம். ஜூன் மாதத்தில் அவ்வளவு தெளிவாகப் பேசியவள். சில பேருக்கு வாய்தான். எழுத்தில் வராது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்பராஜ் சார் கேட்டதற்கு நான் பதில் சொன்னேன். சரியான பதில். யாரும் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் முதல் பெஞ்சு சுகந்தாமணியாக இருந்த காலத்துக்குப் பிறகு இது முதல் தடவை. (சுகந்தாமணி இல்லை, சாந்தாமணி. சந்தோஷத்தில் பேரே தப்பாகிவிட்டது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.)

சந்தோஷம் பதினைந்து நிமிஷம். பிறகு சார் தாரணியின் ஒப்படைப்பைத் தூக்கிக் காட்டி, "இந்த நிறுவலை நான் இருபது வருஷமா ஒண்ணரைப் பக்கத்துக்கு நடத்தறேன். இவங்க ஆறு வரியில முடிச்சிருக்காங்க" என்றார்.

நான் திருத்தாத தாள் அது. என்னிடம் காட்டாமல் கொடுத்திருக்கிறாள். என்னிடம் வருகிறதில் மட்டும் தப்பு, சாரிடம் போகிறதில் ஒன்றுகூட இல்லை. அதிர்ஷ்டம் என்றால் இதுதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்தி மறுநாள். வகுப்பில்லை. மிஞ்சின கொழுக்கட்டையோடு நோட்டு வந்தது.

இந்தத் தடவை என் பரம விரோதி: மூடிய, எல்லைக்குட்பட்ட இடைவெளியில் ஒரு சார்பு தொடர்ச்சியாக இருந்தால், அங்கே சீரான தொடர்ச்சியும் உண்டு. தேர்வில் மூன்று தடவையும் வந்தது. மூன்று தடவையும் முழுசாக எழுதினேன். மூன்று தடவையும் மார்க் மட்டும் வரவில்லை. திருத்தினவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

விஷயம் சின்னது. இடைவெளியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு டெல்டா இருக்கிறது. எல்லாப் புள்ளிக்கும் பொதுவாக ஒரே டெல்டா இருக்கிறது என்று காட்ட வேண்டும். தாரணி நேராக எழுதியிருந்தாள்: "இந்த டெல்டாக்கள் எல்லாவற்றிலும் சிறியதை எடுத்துக்கொள். அதுவே எல்லோருக்கும் பொது." நானும் இப்படித்தான் எழுதுவேன். பெரிய டிக் போட்டு "நன்று" என்று எழுதினேன். நன்று என்று எழுதக் கை வரவில்லை, ஆனால் நியாயம் என்று ஒன்று இருக்கிறதே.

தாரணி நோட்டைப் பார்த்தாள். "அக்கா, இந்தப் பக்கம் சரிங்களா?"

"சரிதான். டிக் போட்டிருக்கேன்ல."

"இல்லீங்க்கா, இன்னொரு தடவை..."

"ஒரு தடவை பார்த்தாப் பார்த்ததுதான்."

செப்டம்பர் 13

மறுபடியும் அதே பக்கத்தோடு வந்தாள். "இந்த வரி மட்டும் பாருங்களேன்." பார்த்தேன். சரி. என்ன ஒரு சந்தேகப் பிராணி.

செப்டம்பர் 17

மூன்றாவது தடவை. "தாரணி, நீ ஜெயிச்சுட்டே, போதுமா? எனக்குக் குழம்பு கொதிக்குது" என்றேன். நோட்டை மூடிக்கொண்டு போனாள். முகத்தில் கவலை. எல்லாம் சரியாக இருந்தால்கூடச் சில பேருக்குத் திருப்தி வராது.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று சாருக்குத் தொண்டை கட்டிவிட்டது. "தாரணி, நீங்க வாங்கம்மா" என்று சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவள் ஒரு மணி நேரம் நடத்தினாள்.

என்ன எழுதுவது? நன்றாக நடத்தினாள். பலகையில் இடது ஓரத்தில் ஆரம்பித்து வலது ஓரத்தில் முடித்தாள், ஒரு இடத்திலும் அழிக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பலகையில் எழுதுகிறேன், எனக்கு அப்படி வராது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி, "யாருக்காவது இது எப்படின்னு சந்தேகம் இருக்குங்களா?" என்று கேட்டாள். எனக்கு இருந்தது. கேட்கவில்லை.

பெல் அடித்ததும் ஆத்தூர் வாத்தியார் ஒருவர் என்னிடம் வந்தார். "நீங்க தாரணி மேடத்தோட அக்காங்களா?"

மேடம். அக்கா.

சார் கட்டின தொண்டையோடு வேறு சொன்னார்: "இவங்க ஆராய்ச்சிக்குப் போகணும். நான் எழுதித் தர்றேன்."

சாயங்காலம் வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தையிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். ஊர்ப் பேச்சு. பேச்சுவாக்கில், கொழுந்தனார் பாவம் ஞாயிற்றுக்கிழமையும் பண்ணையில் தனியாகக் கிடக்கிறாரே என்று சொன்னேன். எனக்கு இப்போது பஸ்ஸெல்லாம் பழகிவிட்டது, துணையென்று இல்லாவிட்டாலும் சமாளிப்பேன் என்றும் சொன்னேன். இரண்டுமே உண்மை. வேறொன்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 25

தாரணி இனி வகுப்புக்கு வரப்போவதில்லை. அத்தை கொழுந்தனாரிடம் ஏதோ சொன்னாராம். அவர், "அதான் அண்ணிக்குத் துணை வேண்டாமாமே" என்றாராம். டிசம்பரில் தேர்வை மட்டும் வேண்டுமானால் எழுதிக்கொள்ளட்டுமாம். அடுத்த வருஷத்தைப் பற்றிப் பேச்சே இல்லையாம்.

இவர்கள் குடும்ப விஷயத்தில் நான் தலையிடுவதில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் மல்லூர் வரை என் மேல் தூங்கினார்.

வகுப்பில் சார் வாசலையே இரண்டு தடவை பார்த்தார். "அவங்க வரலீங்களா? வரலீங்களா?" உடம்பு சரியில்லை என்றேன். என்ன உடம்பு என்று கேட்டார். சாதாரணம்தான் என்றேன். பாடம் ஒன்றும் ஏறவில்லை. எல்லாம் சரியாகவே எழுதுகிற மனுஷனிடம் என்னதான் கற்றுக்கொள்வது?

அக்டோபர் 13, ஞாயிறு

நோட்டு நின்று மூன்று வாரம் ஆகிறது. சிவப்புப் பேனா காய்ந்துபோய்க் கிறுக்கினால் தடம் மட்டும் விழுகிறது. நானே ஒரு நிறுவல் எழுதி நானே திருத்தப் பார்த்தேன். என் தப்பு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. தப்பே இல்லையோ என்னவோ. போன தடவையும் தப்பே இல்லாமல்தான் 29.

தேர்வுக்கு இன்னும் அறுபத்தொன்பது நாள்.

தாரணி பேசுகிறாள், சிரிக்கிறாள், ரசம் கொடுத்து அனுப்புகிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

வகுப்புக்குப் போகவில்லை. முட்டை வாங்கப் பண்ணைக்குப் போனேன். வீட்டிலேயே முட்டை இருந்தது, அது பிறகுதான் ஞாபகம் வந்தது.

கொழுந்தனார் ஷெட்டுக்குள் மருந்து கலந்துகொண்டிருந்தார். தாரணி கோழிகளுக்குத் தண்ணீர்க் குழாய் பார்க்கப் பின்பக்கம் போயிருந்தாள். வாசலில் முட்டைத் தட்டுகள் ஆள் உயரத்துக்கு. ஒரு தட்டுக்கு முப்பது. தரம் பிரிக்கிற காளியம்மா குந்தி உட்கார்ந்து சின்ன முட்டையை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"இருக்கறதுலயே சின்ன முட்டை எதுங்க?" என்று சும்மா கேட்டேன்.

"எந்தத் தட்டுலங்க டீச்சர்?"

"எல்லாத்துலயும்."

காளியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு தட்டுன்னா எடுத்துத் தருவேன். இன்னிக்கு வந்த அத்தனையும்னாலும் பொழுதோட தேடி எடுத்துருவேன். எல்லாம்னா? நாளைக்கும் இடும், நாளான்னிக்கும் இடும். இதைவிடச் சின்னதா ஒண்ணு வந்துக்கிட்டேதான் இருக்கும். முடிஞ்சாத்தானுங்களே இதுதான் சின்னதுன்னு சொல்ல முடியும்?"

நான் அங்கேயே, தீவன மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டேன்.

ஒன்று, அரை, மூன்றில் ஒன்று, கால், ஐந்தில் ஒன்று. ஒன்றுகூடப் பூஜ்யமில்லை. ஆனால் எல்லாவற்றிலும் சிறியது எது? அப்படி ஒன்று இல்லை. இடைவெளியில் புள்ளிகள் முடிவில்லாமல் இருக்கின்றன. டெல்டாக்களும் முடிவில்லாமல். "எல்லாவற்றிலும் சிறியதை எடுத்துக்கொள்" என்று மூன்று தேர்வில் எழுதினேனே, எதை எடுப்பது? முதலில் எண்ணி முடிக்கிற மாதிரி கொஞ்சம் புள்ளிகளின் சுற்றுவட்டங்களே மொத்த இடைவெளியையும் மூடிவிடும் என்று காட்ட வேண்டும். இடைவெளி மூடியது, எல்லைக்குட்பட்டது என்பதெல்லாம் அதற்குத்தான். நான்கு வருஷமாக அந்த இரண்டு சொல்லையும் அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

அப்போ தாரணியின் அந்தப் பக்கம் தப்பு. நான் டிக் போட்ட பக்கம். சந்தோஷத்தில் குதித்து எழுந்தேன். சுழிக்க வேண்டும், உடனே. ஆபீஸ் ரூமில் தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் அவள் நோட்டுகள் இருந்தன. நான் திருத்துகிற நோட்டைத்தான் தேடினேன். கையில் வந்தது வேறு ஒன்று.

அதில் எல்லா நிறுவலும் இருந்தது. எல்லாமே சரி. "எல்லாவற்றிலும் சிறியது" இருந்த இடத்தில் எண்ணி முடிக்கிற மூடல் அழகாக இருந்தது. மேலே தேதி: ஜூலை 2. பிள்ளையார் சதுர்த்திக்கு இரண்டு மாதம் முன்னால்.

கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல்.

எல்லைக்குட்பட்டது, அதனால் ஒருங்கும்: அக்கா ஒரே பீரியட்ல புடிச்சுட்டாங்க.
டெல்டா முதல்ல, எப்சிலான் அப்புறம்: ரெண்டு நாள். அத்தை உதாரணம் சூப்பர்.

இப்படிப் பதினொன்று. பன்னிரண்டாவது:

எல்லா டெல்டாவுலயும் சின்னது: அக்கா இன்னும் பாக்கலை. மூணு தடவை காட்டியாச்சு. அவங்க பழைய பேப்பர்லயும் இதேதான் எழுதியிருப்பாங்க போல. இது வரலைன்னா டிசம்பர்ல அக்கா போச்சு. அக்கா பாஸானா வீட்டுல எனக்காகப் பேசுவாங்க, அக்கா போனா என் ஞாயித்துக்கிழமையும் போச்சு.

நோட்டை இருந்த இடத்தில் இருந்தபடி வைத்தேன்.

அக்டோபர் 21

பள்ளிக்கூடத்தில் நாள் முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். தப்புகளை ஒவ்வொன்றாகத் தயாரித்து, சின்னது முதலில், பெரியது பிறகு, எனக்கு எட்டுகிற உயரத்தில் வைத்து. நான் எடுத்துக் கடித்திருக்கிறேன். "அடடா" வேறு.

அவளுக்குக் கணக்கு வருகிறது என்றுதான் நான்கு மாதமாக வயிறு எரிந்தது. இப்போது பார்த்தால் வாத்தியார் வேலையும் என்னைவிட நன்றாக வருகிறது. எனக்கு என்று எதைத்தான் விட்டுவைத்தாள்?

கடைசி வரியை நான் இரண்டு தடவை படிக்கவில்லை. ஒரு தடவைதான் படித்தேன். மனப்பாடமாகிவிட்டது.

சாயங்காலம் கொழுந்தனார் மாடிப்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்கு பஸ்ல தலை சுத்தலா வருதுங்க. போன தடவை மல்லூர்ல இறங்கி உட்கார்ந்துட்டேன். துணைக்கு ஆளில்லாம இனி போக முடியாது."

"ஐயோ, டாக்டர்ட்ட காட்டலீங்களா அண்ணி?"

"காட்டினேன். துணைக்கு ஆள் வச்சுக்கச் சொன்னாரு."

"துணை வேண்டாம்னீங்கன்னு அம்மா சொன்னாங்களே?"

"அது தலை சுத்தறதுக்கு முந்தி."

அவர் நல்ல மனுஷன். கோழிக்குத் தும்மல் வந்தாலே மூன்று நாள் தூங்க மாட்டார். "தாரணி" என்று மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "வர்ற ஞாயித்துக்கிழமைல இருந்து அண்ணிகூடப் போயிட்டு வா. தண்ணி பாட்டில் எடுத்துக்க."

அக்டோபர் 22

காலையில் நோட்டை நானே கேட்டு வாங்கினேன். புதுச் சிவப்புப் பேனா. அந்த வரியைச் சுழித்தேன். ஒரே வட்டம். பக்கத்தில், அவள் பட்டியலில் குறிக்கிற மாதிரியே, எத்தனை நாளில் பிடித்தேன் என்று எழுதினேன்: "44 நாள்."

தாரணி பார்த்தாள். முதலில் வட்டத்தை. பிறகு எண்ணை. செப்டம்பர், அக்டோபர் என்று விரல் விட்டு எண்ணுகிற மாதிரி உதடு அசைந்தது. முகம் மெல்லச் சிவந்தது. பட்டியலை நான் பார்த்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தத் தடவை 'அடடா' சொல்லலையா?" என்றேன்.

"இல்லீங்க்கா." நோட்டின் ஓரத்தை நீவினாள். "அன்னிக்கு வெங்காயம் உரிச்சீங்கள்ல, நான் பின்கட்டுலதான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன்."

குக்கர் விசில் அடித்தது. நல்லவேளை. போய் அடுப்பைக் குறைத்தேன்.

"அடுத்த பக்கம் பாருங்க்கா" என்றாள். "அது கொஞ்சம் கஷ்டம்."

நவம்பர் 24, ஞாயிறு

இன்று அவளை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன். எனக்குத் தலை சுற்றலாமே, ஜன்னலோரம் அக்காவுக்குத்தான் வேண்டும் என்று அவள் வாதாடினாள். நாங்கள் இரண்டு பேரும் பொய்யை அவ்வளவு சுத்தமாக நடத்தினோம்.

டிசம்பர் 21, சனி

எழுதிவிட்டேன்.

நான்காவது கேள்வி: பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குள், ஒன்றைச் சேர்க்காமல், x-இன் அடுக்குகள் சீராக ஒருங்குமா? "ஒவ்வொரு புள்ளியிலும் பூஜ்யத்துக்குப் போகிறது, எனவே ஆம்" என்று முக்கால் பக்கம் எழுதியிருந்தேன். அப்புறம் ஒரு காரியம் செய்தேன். அந்தப் பக்கத்தை இரண்டு கைத் தூரத்தில் தள்ளி வைத்து, இதை எழுதியது தாரணி என்று நினைத்துக்கொண்டேன். முத்துமுத்தான கையெழுத்து, மூன்றாவது பெஞ்சில் சார், மேடம் என்று கூப்பிடுகிற ஆத்தூர்க்காரர். உடனே வயிறு எரிந்தது. எரிந்ததும் கண் தெரிந்தது. புள்ளி ஒன்றை நெருங்க நெருங்க இன்னும் பெரிய அடுக்கு வேண்டும், எல்லோருக்கும் பொதுவாக ஒன்று கிடைக்காது. பழைய வியாதி, புதுச் சட்டை. குறுக்கே கோடு போட்டு, "இல்லை" என்று புதிதாக எழுதினேன்.

வெளியே வந்ததும் தாரணி கேட்டாள், "நாலாவதுக்கு என்னங்க்கா போட்டீங்க?"

"இல்லைன்னு."

அவள் வாசலில், அத்தனை பேர் பார்க்க, என் கையைப் பிடித்துக்கொண்டாள். சுண்டல் விற்கிறவர்கூடப் பார்த்தார்.

மார்ச் 12

முடிவு வந்தது. ஆசிரியர் அறையில் போனில் பார்த்தேன். எனக்கு 54.

54. நான்கு வருஷம். போனை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டேன். அப்புறம் அவள் தேர்வு எண்ணைப் போட்டேன். 93.

முப்பத்தொன்பது வித்தியாசம். கழித்துப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

வீட்டுக்குப் போனபோது அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கொழுந்தனார் முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். தாரணி அடுப்படி வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவளும் இரண்டு எண்ணையும் போட்டுப் பார்த்துவிட்டாள்.

"தாரணி பாஸ் பண்ணிட்டாளாமே அண்ணி" என்றார் கொழுந்தனார். "உங்களுதும் பாஸுங்களா? அப்ப ரெண்டு பேருக்கும் அலைச்சல் விட்டுது."

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த வாக்கியம் "நான் எம்.எஸ்ஸி." என்பது. அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நான்கு வருஷமாக வைத்திருந்தது.

"எனக்குப் போச்சுங்க" என்றேன்.

தாரணி வாயைத் திறந்தாள். பக்கத்தில் போய் அவள் காலை மிதித்தேன். அழுத்தமாகவே மிதித்தேன், முப்பத்தொன்பது மார்க்குக்கும் சேர்த்து.

"நாலாவது தடவையுமா?" என்றார் அத்தை. கீரைக் காம்பு கையிலேயே நின்றுவிட்டது. "சின்னவ ஒரே தடவையில முடிச்சுட்டா. நீ டீச்சர் வேற."

"ஆமாங்க அத்தை. எனக்கு மண்டையில ஏறலை."

"அப்ப விட்டுருங்க அண்ணி" என்றார் கொழுந்தனார், நிஜமான வருத்தத்தோடு.

"இன்னும் ஒரு வருஷம் தவணை குடுத்திருக்காங்க. கடைசிக் கருணை. ஜூன்ல இருந்து மறுபடி வகுப்பு. தலை சுத்தல் வேற விடலை. தாரணிக்கும் ரெண்டாம் வருஷம் அதே காலேஜ், அடுத்த ரூம்தான். அவ வந்தாத்தான் நான் போக முடியும்."

"அதுக்கென்னங்க, போயிட்டு வரட்டும்" என்றார். "பாவம், நீங்களும் எப்படியாவது பாஸ் பண்ணணுமே."

பாவமாம்.

பதவி உயர்வுப் பட்டியல் வர எப்படியும் ஒரு வருஷம் ஆகும். வருகிற அன்றைக்கு அந்தப் பொய்யைச் சமாளித்துக்கொள்ளலாம். என் வீட்டுக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். பேப்பரை இறக்காமல் "சரி" என்றார். அவரிடம் சொன்னது எதுவும் வெளியே போகாது. உள்ளேயும் போகாது.

இதையெல்லாம் தாரணிக்காகச் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 93 வாங்கினவள் ஞாயிறெல்லாம் வீட்டில் என் கண்ணெதிரே நடமாடிக்கொண்டிருந்தால் என்னால் தாங்க முடியாது. சேலத்தில் போய் நடமாடட்டும். அவ்வளவுதான்.

மார்ச் 14

காலையில் குக்கருக்கு முன்னாலேயே நோட்டு வந்துவிட்டது. புது நோட்டு. இரண்டாம் வருஷத் தாள், நான் 61 மார்க்கில் பாஸான தாள். தாரணி நோட்டை மேடை மேல் வைத்து, பக்கத்தில் சிவப்புப் பேனாவையும் வைத்துவிட்டு, இஞ்சி தட்ட ஆரம்பித்தாள்.

முதல் பக்கத்திலேயே, ஐந்தாவது வரியில் ஒரு தப்பு.

எனக்காக வைத்ததா, நிஜமாகவே வந்ததா என்று தெரியவில்லை. அவள் முதுகைப் பார்த்தேன். இஞ்சி தட்டுகிற சத்தம் கொஞ்சம் நின்று, மறுபடி ஆரம்பித்தது.

நான் கேட்கவில்லை. நிஜமாகவே வந்ததாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, நன்றாகப் பெரிதாகச் சுழித்தேன்.